வெண்ணெய் நிறக் குதிரையும் வெட்டின இரண்டு கால்களும்

போன மாதம் விமலா போன் எடுத்தாள். ஆக்லாந்தில், நியூ லின்னில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மலேசியாக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கதைக்கத் தொடங்கினால் மூச்சு விடமாட்டாள்.

"அக்கா, புதுசா சேர்ந்த ரெண்டு பேரும் என் உயிரை வாங்குறாங்க. மேசை லாச்சியில ரெண்டு குதிரைக் கால் வெட்டி வெச்சிருக்கே, அது எதுக்குன்னு கேக்குறாங்க. நான் சொன்னா நம்பலை. போன்ல படம் புடிச்சுப் பாத்தா அது வேற மாதிரி சொல்லுதாம். நீங்களே எழுதிக் குடுங்க. நம்ம சங்கத்து மலர்லயும் போட்டுடலாம், அவங்களுக்கு நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கிறேன்."

"நான் அஞ்சாம் வகுப்பு, விமலா. மலரில டொக்டர்மார் எல்லே எழுதுகினம்?"

"டாக்டருக்குக் குதிரையப் பத்தி என்னக்கா தெரியும்?"

உண்மையும் அதுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கோயிலில் யாராவது "என்ன வேலை பார்த்தனீங்கள்?" என்று கேட்டால் "கடையில" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவேன். ஆனால் இந்த வேலை எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஐமிச்சம் இல்லை.

நான் பார்த்தது குதிரை வேலை. ஓடுகிற குதிரை இல்லை. உள்ளங்கையில் நிற்கிற பிளாஸ்டிக் குதிரை. ரோஸ், நீலம், வெள்ளை என்று உடம்பு, நீளமான நைலோன் மயிர், பின்பக்கத்தில் ஒரு பூவோ நட்சத்திரமோ வரைந்திருக்கும். எண்பதுகளில் ஐரோப்பாவில் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டிலெல்லாம் இது இருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். எங்கள் கடை ஐரோப்பாவிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழைய குதிரைகளை எடுப்பித்து, துப்புரவாக்கி, எந்த நாட்டில் செய்தது என்று கண்டுபிடித்து, விபரத் துண்டு எழுதி விற்றது.

எந்த நாடு என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரே அச்சைத்தான் நாட்டுக்கு நாடு கொடுத்துச் செய்வித்தார்கள். ஆனால் பிளாஸ்டிக், மயிர், சாயம் எல்லாம் அந்தந்த நாட்டில் அகப்பட்டது. இடியப்ப உரல் ஒன்றுதான், சிவப்பு மாவு போட்டால் சிவப்பாக வரும், வெள்ளை மாவு போட்டால் வெள்ளையாக வரும் என்று நான் விமலாவுக்குச் சொல்வேன். ஒரு நாட்டில் நீல மயிரோடு வந்த குதிரை இன்னொரு நாட்டில் ஊதா மயிரோடு வந்திருக்கும். சேர்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம்.

எங்கள் கடைக்கு வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன். இத்தாலிக் குதிரை கெட்டி, மினுக்கமும் கூட. நகத்தால் தட்டினால் டக் என்று கேட்கும். ஸ்பெயின் குதிரை கைக்குள் கொஞ்சம் அமுங்கும். பிரான்சில் செய்தவைக்கு மயிர் அடர்த்தி, சிக்கெடுக்கப் பொறுமை வேண்டும். கிரேக்கக் குதிரைதான் குழப்படிக்காரன். பிளாஸ்டிக் மெல்லிசு, மயிர்த் துளைகள் ஐதாக இருக்கும், கண்ணுக்குப் பூசின சாயம் கோட்டுக்கு வெளியே போயிருக்கும். கையில் என்ன நிறம் இருந்ததோ அதை ஊற்றியிருப்பார்கள் போல. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நான் அந்தக் கடைக்குப் போனது கூட்டித் துடைக்க. மூன்றாவது கிழமை, குப்பைக்கென்று ஒதுக்கிய குதிரை ஒன்றின் வாலைச் சும்மா இருந்த நேரத்தில் சிக்கெடுத்து வைத்தேன். அடுத்த நாள் முதலாளி ஹெதர் என்னிடமிருந்து தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பெட்டிக் குதிரையை மேசையில் வைத்தாள். படிப்பித்தது அவ்வளவுதான். மிச்சம் நாலு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துப் படித்தது. ஆங்கிலத்தில் நாட்டுப் பெயர்களும் நிறப் பெயர்களும் எழுதப் பழகினேன். ஆட்கள் பேசுவது விளங்கும். திருப்பிப் பேசத்தான் நாக்கு எழும்பாது.

ஹெதரைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடுவல், நரைத்த கட்டை மயிர், கோடையிலும் கம்பளி மேற்சட்டை. முந்தி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஒரு குதிரையைப் பார்க்குமுன் மோதிரத்தைக் கழற்றிச் சாசரில் வைப்பாள், கை கழுவுவாள், சாம்பல் நிறக் கம்பளித் துணியில் குதிரையை நிறுத்துவாள். பிறகு ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் தொடாமல் பார்ப்பாள். துண்டு எழுதுவது எப்போதும் பென்சிலால். பேனை அந்த மேசைக்கு வரக்கூடாது. "இது கிரேக்கம் என்று நினைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அவள் வாயிலிருந்து ஒரே சொல்தான் வரும்.

"காட்டு."

நினைப்பதை அவள் கேட்கமாட்டாள். காட்டினால் பார்ப்பாள். என்னைப்போல் கதைக்க வராதவளுக்கு இப்படி ஒரு முதலாளி வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

வேலை முறை இது. முதலில் மணம் பிடிப்பது: புழுங்கின மணமா, சிகரெட்டா, ஈரமா. பிறகு குளம்பைத் திருப்பி அடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பது. சிலதில் நாட்டின் பெயர் இருக்கும், சிலதில் ஒன்றும் இராது. பிறகு அச்சு பொருந்தின கோட்டை விரலால் தடவுவது. பிறகு மயிரைப் பிரித்துத் துளை வரிசையை எண்ணுவது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். இளஞ்சூட்டுத் தண்ணீர், பிள்ளைகளுக்குப் போடுகிற ஷாம்பூ. வாலை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும். வாலை உள்ளே ஒரு இரும்பு வளையம் பிடித்திருக்கும்; அதற்குத் தண்ணீர் போனால் துருப்பிடித்து வாலடி செம்மண் நிறமாகிவிடும். ஏற்கெனவே துருப்பிடித்ததென்றால் சுடுதண்ணீரில் கழுத்தை இளக்கித் தலையைக் கழற்றி, உள்ளே கைவிட்டு வளையத்தை எடுக்கவேண்டும். ஒருமுறையும் கழற்றாத தலையைத் தேவையில்லாமல் கழற்றக்கூடாது. அது ஹெதரின் சட்டம்.

கடைசி வேலை வெளுப்பது. வெள்ளைக் குதிரைகள் வயது போகப் போக மஞ்சளடிக்கும். சலூன்காரர் தலைமயிர் வெளுக்கப் பூசுகிற களிம்பைப் பூசி, சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ஜன்னலோரம் வெயிலில் வைப்போம். ஆக்லாந்து வெயில் தெரியும்தானே, ஜனவரியில் நாலு நாள் போதும். பல்லுப்போல வெளுத்துவிடும். வெளுத்ததை ஒருகாலமும் திருப்ப முடியாது.

என் நாலாவது வருடத்தில் ஒரு பெட்டியில் கிரேக்கக் குதிரை ஒன்று வந்தது. வெண்ணெய் நிறம். ஹெதரின் புத்தகத்தில், சேர்க்கிறவர்கள் எல்லோரும் வைத்திருக்கிற தடித்த புத்தகம் அது, அந்தக் கிரேக்கக் குதிரை வெள்ளை என்று படத்தோடு போட்டிருந்தது. ஆகவே இது மஞ்சளடித்தது என்று எடுத்துக்கொண்டு, ஹெதரைக் கேட்காமலே பூசி வைத்தேன். நாலு நாளில் நல்ல வெள்ளை. எனக்குப் பெருமை. பிறகு வாலடியில் துரு தெரிந்தது. தலையைக் கழற்றினேன்.

உள்ளே வெண்ணெய் நிறம்.

அடிவயிறு, காலின் உட்பக்கம், கழுத்தின் விளிம்பு எல்லாம் ஒரே வெண்ணெய் நிறம். வெயிலும் புகையும் போகாத இடம் அது. மஞ்சளடித்த வெள்ளைக் குதிரைகளை அதற்கு முன் நிறையக் கழற்றியிருக்கிறேன், உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும். அப்போதுதான் யோசித்தேன். மஞ்சளடித்தால் திட்டுத் திட்டாக அடிக்கும், முதுகில் கூடவும் காலிடுக்கில் குறையவும். இது காலிடுக்கிலும் அதே நிறமாக இருந்தது. பார்த்தேன், ஆனால் பார்த்ததை எண்ணவில்லை. பிறந்த நிறத்தை அழுக்கு என்று நினைத்து உரித்துவிட்டேன்.

ஹெதரிடம் சொல்லியிருக்கவேண்டும். காலையில் எழும்பினவுடன் சொல்ல நினைப்பேன், பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன், கடைக்குள் வந்ததும் நேரே கழுவப் போய்விடுவேன். ஒரு கிழமை இப்படிப் போனது. பிறகு அதைப் பழைய துணி ஒன்றில் சுற்றி, கழிவுக் குதிரைகள் கிடக்கிற, மேசையின் அடி லாச்சிக்குள் வைத்தேன். அந்த லாச்சியை என்னைத் தவிர ஒருவரும் திறப்பதில்லை, பூட்டும் சாவியும் என் பொறுப்பு. வேறு குதிரைக்கு வெள்ளை மயிர் தேவைப்பட்டு லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் துணி கையில் தட்டுப்படும். பதினொரு வருடம் தட்டுப்பட்டது.

அந்தப் பதினோராம் வருடம்தான் டெஸ்பினா வந்தாள்.

கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆறு வயதில் தாயோடு கிரேக்கத்திலிருந்து இங்கே வந்தவள். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். வெண்ணெய் நிறக் குதிரை. அதே குதிரை.

அவள் விற்க வரவில்லை. வெளுக்கக் கொண்டுவந்திருந்தாள். நிற்கிற நிலையிலேயே கதை முழுக்கச் சொன்னாள். இங்கே பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம் இதே குதிரை வெள்ளையாக இருந்ததாம். "ஊத்தைக் குதிரை" என்று இவளைப் பழித்தார்களாம். இவள் வீட்டுக்குப் போய்த் தாயைப் பிடித்துக்கொண்டாள். தாய் ஓயாமல் சிகரெட் பத்துகிறவள். உன் புகைதான் என் குதிரையைப் பழுதாக்கினது என்று சண்டை.

"அம்மா அது வந்ததே அப்படித்தான் என்று சொல்லுவா," என்றாள் டெஸ்பினா. "நான் ஒருநாளும் நம்பவில்லை. பெரியவளானதும் சேர்க்கிறவர்களின் புத்தகத்தைப் பார்த்தேன். வெள்ளை என்று இருந்தது. அதையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குப் பிறகு அவ அந்தக் கதையை எடுக்கவேயில்லை. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறா. சனிக்கிழமை எழுபத்தைந்தாவது பிறந்தநாள். இதைப் புதிதுபோல வெள்ளையாக்கிக் கொண்டுபோய், பார் அம்மா, எல்லாம் போய்விட்டது, எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லவேண்டும்."

ஹெதர் மோதிரத்தைக் கழற்றினாள். கை கழுவினாள். தேத்தண்ணி ஆறுமட்டும் பார்த்தாள். புத்தகத்தைத் திறந்து படத்தைப் பார்த்தாள். பென்சிலால் எழுதினாள்: கிரேக்கம். வெள்ளை. மஞ்சளடித்தது. பிறகு குதிரையை என்னிடம் நீட்டி, "அன்னா, வெளுக்கவேண்டும். இன்றைக்கே பூசினால் சனிக்கிழமைக்குச் சரி," என்றாள். அன்னலட்சுமி என்ற என் பெயர் அவளுக்கு அன்னா.

டெஸ்பினா, "நான் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டுக் கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

நான் கழுவுகிற தொட்டிக்குப் போனேன். ஆறடி தூரம்தான். அப்போது கடைக் குதிரைகளைப் படம் பிடிக்கிற வேலையில் இருந்த விமலா பக்கத்து மேசையில் நின்றாள். குதிரையைத் திருப்பிக் காலிடுக்கைப் பார்த்தேன். ஒரே நிறம். களிம்பு டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

"விமலா," என்றேன், தலை நிமிராமல். "இது மஞ்சளடிச்சது இல்லை."

"அப்புறம்?"

"பிறந்ததே இப்பிடி."

"புத்தகத்துல வெள்ளைன்னுல்ல போட்டிருக்கு?"

"புத்தகம் பிழை."

விமலா கமராவைக் கீழே வைத்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது என்றுகூட அந்தக் கடையில் நான் சொன்னதில்லை. "அலாமா! அக்காவா இது? உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?"

"பகிடி விடாத. எனக்குத் தெரியும். நான் முந்தி ஒண்டைப் பழுதாக்கினனான்."

லாச்சியில் இருக்கிற துணியைப் பற்றி முதன்முதலாக ஒரு ஆளிடம் சொன்னேன். நாலு வசனம்தான். விமலா லாச்சியை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க," என்றாள் பிறகு. "பூசுற மாதிரி பண்ணிட்டு, தண்ணியில கழுவிட்டு, அலமாரிக்குள்ள வெச்சிடுங்க. சனிக்கிழமை எடுத்து, வெளுக்கலைன்னு சொல்லிடலாம். குதிரையும் தப்பிச்சிடும், நீங்களும் தப்பிச்சிடுவீங்க. ஒரு வார்த்தை பேச வேணாம்."

எனக்கென்றே தைத்த சட்டை மாதிரியான யோசனை. ஒரு வார்த்தை பேச வேண்டாம். குதிரையைச் சுற்றுகிற தாளைக்கூடக் கிழித்துவிட்டேன். அப்போதுதான் துண்டில் என்ன இருக்கும் என்று நினைத்தேன். மஞ்சளடித்தது, வெளுக்க முடியவில்லை. அந்தத் தாய் எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று, களிம்பாலும் போக்க முடியாத அளவுக்குப் பிள்ளையின் குதிரையைப் பழுதாக்கினவள் ஆவாள். உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

"அன்னா, ஏதும் பிரச்சினையா?" என்று ஹெதர் மேசையிலிருந்து கேட்டாள்.

"நோ," என்றேன். பிறகு, "யெஸ்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குதிரையைக் கொண்டுபோய்க் கம்பளித் துணியில் வைத்தேன். என் கை ஈரம். "நொட் யெல்லோ," என்றேன். "போர்ன் லைக் திஸ்."

ஹெதர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"காட்டு."

குதிரையைத் திருப்பிக் காலிடுக்கைக் காட்டினேன். "புகை எல்லா இடமும் போகும்," என்றாள். சரிதான். ஊசியால் மயிரைத் தூக்கித் துளைக்குள் காட்டினேன். உருப்பெருக்கியால் பார்த்தாள். "வெண்ணெய் நிறம்தான். ஆனால் துளை காற்றுப் படுகிற இடம். வயது துளைக்குள்ளும் போகும்." அதுவும் சரிதான். ஹெதர் விட்டுக்கொடுக்காமல் கேட்பது என்னை மடக்க இல்லை, அது அவள் வேலை. குதிரையின் தலையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி டெஸ்பினாவே கேட்டிருந்தாலும், ஒருமுறையும் கழற்றாத தலை என்று ஹெதர் விட்டிருக்கமாட்டாள்.

இனி லாச்சி ஒன்றுதான் மிச்சம்.

குனிந்து பூட்டைத் திறந்து அடி லாச்சியை இழுத்தேன். துணியைப் பிரித்தேன். வெள்ளைக் குதிரையைக் கம்பளியில் வைத்தேன். தலையைக் கழற்றி உள்ளே காட்டினேன்.

"இதுவும் கிரேக்கம்," என்றாள் ஹெதர், துளை வரிசையை ஒருதரம் பார்த்துவிட்டு. "எப்போது வந்தது? இது நான் பார்க்காத குதிரை."

எனக்கு ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. விமலாவைப் பார்த்தேன். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. நான் ஒளிச்சு வச்சதையும் சொல்லு."

"நெசமாவா அக்கா?"

"ஓம்."

விமலா சொன்னாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் சும்மா நிற்கவில்லை. நின்றிருந்தால் வெளியே போயிருப்பேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கழிவுப் பெட்டியிலிருந்து நன்றாக மஞ்சளடித்த சாதாரண வெள்ளைக் குதிரை ஒன்றை எடுத்தேன். அதையும் என் குதிரையையும் சுடுதண்ணீரில் போட்டு இளக்கினேன். தேத்தண்ணி மேசையிலிருந்து பாண் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தேன்.

"அக்கா, என்ன பண்றீங்க? அக்கா!"

என் குதிரையின் முன்னங்காலைக் குறுக்கே வெட்டினேன். பிளாஸ்டிக் இளகியிருந்ததால் பாண்போலத்தான் போனது. பிறகு சாதாரணக் குதிரையின் முன்னங்கால். வெட்டின முகம் மேலே தெரிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன்.

சாதாரணக் குதிரையின் கால் சுற்றிவர மஞ்சள், வெங்காயத் தோல் அளவுக்கு. உள்ளே முழுக்க வெள்ளை. என் குதிரையின் கால் சுற்றிவர வெள்ளை, அதே வெங்காயத் தோல் அளவுக்கு. உள்ளே கடைசிவரை வெண்ணெய். ஒன்றை உள்வெளியாகத் திருப்பினால் மற்றது. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வாய் தேவையில்லை.

ஹெதர் தேத்தண்ணி ஆறுகிற நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்.

"எத்தனை வருடம் அந்த லாச்சியில் இருந்தது?"

"லெவன்," என்றேன்.

"ஏன் எனக்குக் காட்டவில்லை?"

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. காட்டவில்லை என்றுதான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போகச் சொல்லுவாள் என்று நினைத்து, மேலங்கி எங்கே தொங்குகிறது என்று பார்த்தேன்.

ஹெதர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். படத்துக்குக் கிட்ட உருப்பெருக்கியைக் கொண்டுபோனாள். அந்த வெள்ளைக் கிரேக்கக் குதிரையின் இடது காதில் பல்லுப் பட்ட மாதிரி ஒரு சின்னத் தடம் இருந்தது. நானும் எத்தனையோ தரம் பார்த்த தடம்.

"இது என்னுடைய குதிரை," என்றாள், யாரையும் பார்க்காமல். "புத்தகம் எழுதினவர் படம் கேட்டார். நான்தான் அனுப்பினேன். நீ வருவதற்கு முன்னம். படம் வடிவாக வரவேண்டும் என்று..." ஜன்னலடியைப் பார்த்தாள். வெயில் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. "இதோ, இங்கே நாலு நாள் வைத்தேன்."

விமலா குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

நான் ஒன்றைப் பழுதாக்கிப் பதினொரு வருடம் ஒளித்தேன். ஹெதர் ஒன்றைப் பழுதாக்கினாள், அது புத்தகம் ஆனது. அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்துத் தங்கள் வெண்ணெய் நிறக் குதிரையை வெயிலில் வைத்தார்களோ தெரியாது. நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வைத்தேன்.

ஹெதர் அழிறப்பரை எடுத்துத் துண்டில் இரண்டு சொல்லை அழித்தாள். துண்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினாள். "நீ எழுது. நீதான் காட்டினாய்." நான் எழுதினேன்: வெண்ணெய் நிறம். என் எழுத்து கோணல்தான். பிறகு அவள் பென்சிலை வாங்கிப் புத்தகத்தில் படத்துக்குப் பக்கத்தில், பிழை, நான் வெளுத்தது, என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அன்றைக்கே புத்தகக்காரருக்குக் கடிதமும் எழுதினாள். அவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார், ஆனால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கவில்லை.

டெஸ்பினா இவ்வளவு நேரமும் வெட்டின கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இது வந்ததே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"யெஸ்," என்றேன். இந்த முறை நோ வரவில்லை.

அவள் சனிக்கிழமைவரை பொறுக்கவில்லை. அங்கேயே போனை எடுத்தாள். கிரேக்கப் பாசையில் கொஞ்சம் கதைத்தாள், பிறகு குரல் உடைந்து நிறுத்தினாள். மற்றப் பக்கத்தில் ஒரு கரகரத்த குரல் நீளமாகப் பேசியது. டெஸ்பினா அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று விமலாவுக்குப் பொறுக்கவில்லை.

"முப்பது வருடமாக அதைத்தானே சொல்லுகிறேன் என்கிறா. கடைக்காரர்களுக்கு இப்போதுதான் கண் தெரிந்ததா என்று கேட்கிறா." டெஸ்பினா மூக்கைத் துடைத்தாள். "இனி ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு வரட்டாம்."

ஹெதர் சிரித்ததை நான் பார்த்தது ஒருசில தரம். அதில் அது ஒன்று. பிறகு என்னைப் பார்த்து, "மேலங்கியை ஏன் பார்க்கிறாய்? மூன்று மணியும் ஆகவில்லை. இத்தாலிப் பெட்டி கிடக்கிறது," என்றாள். ஒளித்து வைத்ததைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் அடி லாச்சியின் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெட்டின இரண்டு கால்களையும் அந்தத் துண்டோடு அதற்குள் வைத்திருந்தாள்.

விமலா, புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லு. கிரேக்கக் குதிரை வெள்ளை என்று உங்கள் போன் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. அதற்கும் யாரோ அந்தப் படத்தைத்தான் காட்டியிருப்பார்கள், காதில் பல்லுத் தடம் இருக்கிற வெள்ளைக் குதிரையை. போன் சொல்வதைக் கேளுங்கள். பிறகு குதிரையைத் திருப்பிக் காலிடுக்கைப் பாருங்கள். ஒரே நிறம் என்றால் களிம்பு டப்பாவை மூடுங்கள்.

இரண்டு கால்களுக்கும் கீழே ஒரு துண்டு கிடக்கும். அது என் எழுத்து. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். நான் பிழை என்றால் அழிக்கலாம். ஆனால் அழிக்குமுன் காட்டவேண்டும். சொன்னால் போதாது.